கண்ணாடிக்குள் விளைந்த நெல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது உரக்கச் சொல்ற கதை இல்ல. கோணங்குடி வாத்தியாருங்க யார் காதிலாவது விழுந்தா, இதையும் ஒரு பாடமாக்கி நடத்திடுவாங்க.

கோணங்குடியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான். நடுவில் பள்ளிக்கூடம். அதுக்குத் தலைமையாசிரியர் பூவராகன். அவர்கிட்ட ஒரு எருமை உண்டு. அவர் கை படாம ஒரு சொட்டுப் பால் இறக்காது.

போன தடவை வந்த இன்ஸ்பெக்டர், "அரிசி எங்கேருந்து வருது?"ன்னு கேட்டார். பிள்ளைங்க ஒரே குரலில், "ரேஷன் கடையிலேருந்து"ன்னாங்க. "அடுத்த தடவையும் இதே பதில்னா உங்களை மலைக்கு மாத்திடுவேன்"னுட்டுப் போனார் அவர். பூவராகனுக்கு மலையைப் பத்திப் பயமில்ல. எருமை மலை ஏறுமா? அந்த யோசனையில் அவருக்குச் சோறு இறங்கல.

வாத்தியார்மாரைக் கூட்டினார். அவங்களில் புத்திசாலி நீலமேகம். அப்படின்னு அவரே சொல்லியிருக்கார்.

"பிள்ளைங்களுக்கு நெல்லைக் காட்டணும் சார். பஸ் பிடிச்சு மேலப்பண்ணைக்குப் போவோம். அந்தக் காலத்து மிராசு வீடு. இப்ப டிக்கெட் போட்டுக் காட்டுறாங்க. நெல்லுக்குன்னே தனி அறை இருக்காம்."

"சரி. ஆனா வழியில ஒருத்தரும் வேடிக்கை பார்க்கக் கூடாது. கவனம் சிதறிடும். பார்க்கிறதை அங்க போய்ப் பார்க்கட்டும்" என்றார் பூவராகன்.

டிரில் வாத்தியார் வைரப்பனுக்கு உத்தரவுன்னா உத்தரவு. பஸ் கிளம்பினதும் ஜன்னல் ஷட்டரையெல்லாம் இறக்கினார். அப்புறம் டிரைவரைப் பார்த்தார். "ஒருத்தரும்னு சொல்லியிருக்கார். நீர் மட்டும் என்ன ஒஸ்தி?"ன்னு துண்டால் அவர் கண்ணைக் கட்டிட்டார். பஸ் வளைவில் திரும்பாம நேரா வயலில் இறங்கி, சேற்றில் பதவிசா உட்கார்ந்துக்கிச்சு.

அங்கே நடவு நடந்துக்கிட்டிருந்தது. நாத்துமுடியும் கையுமா நிமிர்ந்து பார்த்தாள் காத்தாயி. பஸ்ஸிலிருந்து அவள் மகள் செவ்வந்தி இறங்கினாள்.

"ஏண்டி, இந்தப் பக்கம் எங்க?"

"நெல்லு பார்க்கப் போறோம்மா."

"அப்ப நான் என்ன கோரையா நட்டுக்கிட்டிருக்கேன்?"

நீலமேகம் குறுக்கே வந்தார். "பிள்ளைங்களைக் குழப்பாதீங்கம்மா. நெல்லு பண்ணையில இருக்கு. பணம் கட்டியாச்சு." பிள்ளைங்க பக்கம் திரும்பி, "ம்ம், கண்ணை மூடிக்கிட்டே தள்ளுங்க" என்றார். பிள்ளைங்களும் வாத்தியார்களும் கண்ணை மூடிக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் தள்ளினாங்க. காத்தாயியும் நடவாளுங்களும் கண்ணைத் திறந்துக்கிட்டுத் தள்ளினதால பஸ் ரோட்டுக்கு வந்தது.

பண்ணை வாசலிலேயே மேனேஜர் சொல்லிட்டார், எதையும் தொடக்கூடாதுன்னு. முதலில் ஒரு தூணைக் காட்டினார்.

"பர்மாத் தேக்கு. வேலைக்கு வராத ஆளுங்களை இதுலதான் கட்டி வச்சு அடிப்பாங்க. எத்தனை பேரைக் கட்டினாங்க, தூண் இம்மி அசையல பாருங்க."

"அடிபட்டவங்க படம் ஏதாவது இருக்கா?" என்றார் பூவராகன், ஏதாவது கேட்கணுமேன்னு.

"இல்ல சார். தூணோட படம் வேணா இருக்கு."

செவ்வந்தி மெல்லக் கிட்டப் போனாள். "எங்க தாத்தாவை இதுலதான் கட்டினாங்களாம்."

"தள்ளி நில்லும்மா, பாலிஷ் போயிடப்போகுது" என்றார் நீலமேகம்.

கடைசியில் நெல் அறை. கண்ணாடிப் பெட்டி, மேலே பல்பு, உள்ளே பட்டுத்துணியில் ஒத்தைக் கதிர். பூவராகன் கன்னத்தில் போட்டுக்கிட்டார். "நல்லாப் பார்த்துக்கோங்க. இதுதான் நெல்லு. கண்ணாடிக்குள்ள இருக்கும்."

அறுவடைக் காலத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். அதே கேள்வி.

"கண்ணாடிப் பெட்டியிலேருந்து"ன்னாங்க பிள்ளைங்க.

அவர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அப்ப அது என்ன?"

வேடிக்கை பார்க்கக் கூடாதே. பிள்ளைங்க பட்டுனு கண்ணை மூடிக்கிட்டாங்க. பூவராகனும் மூடிக்கிட்டார். இருட்டில் எருமை தெரிஞ்சது.

"நாளைக்குக் காலையில மறுபடி வருவேன். அப்பவும் தெரியலைன்னா மலைதான்" என்ற குரல் மட்டும் கேட்டது.

அவர் போனதும் வாத்தியார்கள் ஜன்னலோரம் நின்னாங்க.

"பார்த்தா நெல்லு மாதிரிதான் இருக்கு" என்றார் பூவராகன்.

"இருக்கலாம் சார். ஆனா கண்ணாடி இல்லியே. யாரு நம்புவா?" என்றார் வைரப்பன்.

நீலமேகம் பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழட்டினார். கொண்டுபோய் வயலில் கதிருக்கு முன்னால நட்டு, முட்டுக் கொடுத்தார். மேலே ஒரு பல்பைக் கட்டினார். 'தொடாதே'ன்னு ஒரு அட்டையும் மாட்டினார்.

மறுநாள் காலையில் பிள்ளைங்க பார்த்த உடனே, "நெல்லு!"ன்னாங்க. இன்ஸ்பெக்டர் வரப்பில் குனிஞ்சு, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைச்சு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேஷ். அச்சு அசல் நெல்லு மாதிரியே செஞ்சிருக்கீங்களே" என்றார்.

மலை தப்பிச்சது. எருமைக்கு அன்னிக்குப் புண்ணாக்கு.

மத்தியானம் காத்தாயி கதிரரிவாளோட வந்தாள். "சார், கொஞ்சம் தள்ளுங்க. அறுக்கணும்."

நீலமேகம் அவளைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து வரப்பில் போட்டு உட்கார்ந்தார். அப்புறம் கையை நீட்டி, "பெரியவங்களுக்கு முழு டிக்கெட்டும்மா" என்றார்.