மூன்று தேடல் கருவிகளும் ஒரு மிக்ஸியும்

தாமோதரன் சீடராக வந்து சேரும்போதே அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு அருளம்மைக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை ஐயா என்பார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் அருளம்மை ஒரு வீடு நடத்திவந்தார். வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வருகிற ஏழைகள் அங்கே காசில்லாமல் தங்கலாம். காலையில் பிரார்த்தனை, பிறகு வேலை, சாயங்காலம் மறுபடி பிரார்த்தனை. சீடர்களுக்கு வேறு பாடம் கிடையாது.

அந்த வருஷம் பாதிக்கு மேல் அறைகள் பூட்டிக் கிடந்தன. நோயாளியோடு வருகிறவர்கள் ஊரிலேயே போனில் தேடி, ஏதோ ஒரு லாட்ஜுக்கு முன்பணம் அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். கையிலிருந்தது தீர்ந்ததும் ஆஸ்பத்திரி மரத்தடியில் துண்டை விரித்தார்கள். இந்த வீடு இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டைக் கொடுத்திருந்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ஆளில்லாத அறைக்கு வீடு எதுக்கும்மா? தை பிறக்கட்டும். இப்படியே இருந்தா மருந்து குடோனுக்கு விட்டுடுவேன்."

தாமோதரன் வீட்டுக்கு ஓர் இணையதளம் செய்து வைத்தார். அதைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கே வந்துவிட்டார். அருளம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கீவேர்டு பார்க்கிற கருவி மூன்று இருக்கிறது. மார்கழி முடிகிறவரைக்கும் மூன்றையும் சும்மா பார்க்கலாம். அப்புறம் சந்தா கட்ட வேண்டும். நமக்கு ஒன்றுதான் கட்டுப்படியாகும். எதை வாங்கட்டும்?"

"அது என்ன செய்யும், ஐயா?"

"ஜனங்கள் போனில் என்ன வார்த்தை போட்டுத் தேடுகிறார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும். அந்த வார்த்தையை நம் பக்கத்தில் எழுதி வைத்தால், தேடுகிறவர்கள் நம்மைக் கண்டுபிடித்து வருவார்கள்."

"தேடுகிறவர் மனசைச் சொல்லுமா?"

"மனசை இல்லையம்மா. வார்த்தையை."

"அதுவும் பெரிய விஷயம்தான். நீங்கள் எந்த வார்த்தையைக் கேட்டுப் பார்த்தீர்கள்?"

"கட்டணமில்லாச் சேவை இல்லம். நானே யோசித்தது. இரண்டு கருவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவதைப் பாருங்கள்." திரையில் ஒரு பச்சைக் கோடு படியேறுவது போல மேலே போயிருந்தது. "வாராவாரம் ஏறுகிறது, அம்மா. இதையே வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன்."

அடுப்படியிலிருந்து சமையல்காரி சொர்ணம் எட்டிப் பார்த்தாள். "அது ஏறாம என்னண்ணே செய்யும்? தெனமும் போடுறோமே."

"என்ன போடுறீங்க?"

"பிரார்த்தனை முடிஞ்சதும் எல்லாரும் போனை எடுத்து அந்த வார்த்தையைப் போட்டு, நம்ம வீடு வருதான்னு பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? விபூதி வாங்குற கையோட போனை எடுத்துடுறோம். எங்க நாத்தனாரும் திருப்பூர்ல இருந்து போடுது. நான் ரெண்டு தடவை போடுவேன். புண்ணியந்தானே, கூடச் சேந்தா என்ன?"

அருளம்மைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமோதரனுக்கு முகம் தொங்கிப்போனது.

"அப்படியானால் இந்தக் கருவி பொய் சொல்கிறதா, அம்மா?"

"பொய் எங்கே சொன்னது? சொர்ணத்தின் நாத்தனாரைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறதே."

"பிறகு எதைத்தான் நம்புவது?"

அருளம்மை கீரைக்காம்புகளை ஒதுக்கி வைத்தார். "உங்களுக்கு விடை தெரிந்த கேள்வி ஒன்றை மூன்றிடமும் கேளுங்கள்."

"எனக்கு எந்தக் கேள்விக்கு விடை தெரியும்?"

"மாடி அறையில் அங்கம்மாள் இருக்கிறார். இங்கே வருவதற்கு முன்னால் போனில் என்ன தேடினார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்."

அங்கம்மாள் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். கணவரை வைத்தியத்துக்குக் கூட்டி வந்திருந்தார். மொட்டைமாடியில் துணி பிழிந்துகொண்டிருந்தவர், கேள்வியைக் கேட்டதும் கூச்சப்பட்டார்.

"நான் எங்கண்ணே எழுதித் தேடுனேன்? எழுத்துக் கூட்டத்தான் வரும். போனை வாய்கிட்ட வச்சுப் பேசுவேன். அது கேட்டுக்கிடும்."

"சரி, என்ன பேசுனீங்க? ரூம் வேணும்னா?"

"ரூமுக்கென்ன, லாட்ஜுல இருந்துச்சே. அங்க மிக்ஸி போட விடல. கரண்டு ஆகுதாம். இவுகளுக்குத் தொண்டையில ஆப்பரேசன். கஞ்சியை அரைச்சு வடிகட்டித்தான் குடுக்கணும். அதான், 'ஆஸ்பத்திரி பக்கத்துல கஞ்சி அரைக்க மிக்ஸி போட விடுற எடம் எங்க இருக்கு'ன்னு கேட்டேன். அந்தக் கூறுகெட்டது மிக்ஸி விக்கிற கடையாக் காட்டுது!"

"அப்புறம் இந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மிக்ஸியைக் கட்டப்பையில போட்டுத் தூக்கிக்கிட்டு தெருத்தெருவா அலைஞ்சேன். இங்க உள்ளுக்குள்ள மிக்ஸி ஓடுற சத்தம் கேட்டுச்சு. பூந்துட்டேன்."

தாமோதரன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அங்கம்மாள் பயந்துபோனார்.

"ஏண்ணே, போனுகிட்ட நான் தப்பாக் கேட்டுட்டேனா?"

"இல்லம்மா. சரியாத்தான் கேட்டீங்க. நாங்கதான் பதில் எழுதி வைக்கல."

அவர் மற்ற அறைகளிலும் போய் உட்கார்ந்தார். ஊசி மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஃபிரிட்ஜ் உள்ள இடம் தேடினோம் என்றார் ஒருவர். படி ஏற முடியாத அப்பாவோடு தங்கக் கீழ்த்தளம் கேட்டேன் என்றாள் ஒரு பெண். சேவை இல்லம் என்ற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை.

சாயங்காலத்துக்குள் தாமோதரன் இணையதளத்தை மாற்றினார். 'ஆஸ்பத்திரி பக்கத்தில் கஞ்சி அரைக்க மிக்ஸி போடலாம். மருந்து வைக்க ஃபிரிட்ஜ் இருக்கிறது. படி ஏறாமல் தங்கலாம். காசு வேண்டாம்.' சொன்னவர்கள் சொன்னபடியே எழுதினார்.

பிரார்த்தனை முடிந்தது. சொர்ணம் பழக்கத்தில் போனை எடுத்தாள்.

"இன்னைக்கு எதைப் போடணும்ணே?"

"ஒண்ணும் போட வேணாம் தாயே. ஒங்க நாத்தனார்கிட்டயும் சொல்லிடுங்க."

கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. தாமோதரன் வீட்டுப் போனை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு ஒரு காலையில் அது அடித்தது. எடுத்தவரிடம் யார், எவர் என்றுகூடக் கேட்காமல் ஒரு குரல் கேட்டது: "அங்க மிக்ஸி போடலாமாமே, நெசமாவாங்க?"

அன்றைக்கு ஒரு பூட்டுத் திறந்தது. அந்த வாரமே இன்னொன்று. பிறகு ஃபிரிட்ஜ் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. எல்லா அறையும் நிறையவில்லை என்றாலும் நடைபாதையில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் மார்கழிக் கடைசியில் வந்து பார்த்தார். சமையற்கட்டில் பிளக் பாயிண்டுக்கு மூன்று பெண்கள் முறை வைத்துக் காத்திருந்தார்கள். அவர் பூட்டில்லாத அறைகளை எண்ணிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"சித்திரை வரைக்கும் ஓடட்டும்மா. அப்பப் பாப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளோடு கருவிகளைச் சும்மா பார்க்கிற கெடு முடிகிறது. தாமோதரன் மறுபடி மடிக்கணினியோடு வந்து குருவின் முன்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்கள் சொன்னபடி விடை தெரிந்த கேள்வியையே கேட்டேன். அங்கம்மாள் போனில் பேசியதை அப்படியே மூன்றிலும் போட்டேன்."

"மூன்றும் என்ன சொன்னது?"

"ஒன்றும் உருப்படியாகச் சொல்லவில்லை. இரண்டாவது கருவி பூஜ்யம் போட்டது. இப்படி உலகத்தில் யாருமே தேடுவதில்லையாம். மூன்றாவது, 'மிக்ஸி விலை என்று எழுதுங்கள், லட்சம் பேர் வருவார்கள்' என்று யோசனை சொல்கிறது."

"முதலாவது?"

"அது இவ்வளவுகூடச் சொல்லவில்லை. இதைப் பற்றி என்னிடம் போதிய விவரம் இல்லை என்று நின்றுகொண்டது."

"முதலாவதை வாங்குங்கள்."

தாமோதரன் குருவின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று இருந்தது.

"அம்மா, தெரியாது என்று சொல்வதற்கா சந்தா கட்டுவது?"

வாசலில் புதிதாக வந்த ஒரு குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அருளம்மை அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது தெரியாது என்று சொன்னால்தானே, ஐயா, நீங்கள் எழுந்துபோய் அவர்களைக் கேட்பீர்கள்."