ஆடும் பல்

மலையடிவார மடத்துச் சாமிக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பேசியவர்கள் பொன்னம்பலத்தைப் பார்த்ததில்லை.

பொன்னம்பலம் சாமியின் சீடர். நாற்பது வயது. கடைத்தெருவில் இரும்புக் கடை, வீட்டில் மனைவி விசாலி, ஆறு வயதில் மகள் உமையாள். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். காவி.

அதையாவது உறுதியாகக் கேட்டுத் தொலைப்பாரா? இந்த வாரம் துறவு என்பார். அடுத்த வாரம் கடையைத் திறப்பார். பற்று விட்டுப்போயிற்றா என்று சோதித்துப் பார்க்க, நடுவில் வீட்டில் யாரோடும் பேசாமல் இருப்பார். விசாலியின் பொறுமையை என்னவென்று சொல்ல!

சாமி சம்மதிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கோயிலில் அங்கப்பிரதட்சிணம் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு உருண்டவர் நேராகப் போய்ப் பலிபீடத்தில் மோதினார். முன்பல் ஆட்டம் கண்டுவிட்டது.

பல் டாக்டர் பார்த்தார். "வேர் நல்லா இருக்கு. கஞ்சி மட்டும் குடிங்க. விரலோ நாக்கோ படாம விட்டா தானா இறுகிடும்."

படாமல் விடுகிற ஆளா இவர்?

மடத்தில் சாமி முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு பல்லுக்குப் போயிற்று.

"தொடாதே," என்றார் சாமி.

"இறுகிடுச்சான்னு பார்த்தேன் சாமி."

"இறுகிடுச்சா?"

"இல்லை. இன்னும் ஆடுது."

"ஆட்டினா ஆடாதா?"

மறுபடியும் நாக்கு.

"யோவ்!" என்றார் சாமி. அவர் வாயில் அந்தச் சொல்லை மடத்தில் யாரும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து விசாலி கஞ்சித் தூக்கோடு வந்தாள். கூடவே உமையாள். அவளுக்கும் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் நாக்கால் நெம்பிக்கொண்டே வந்தவள், சாமியிடம் வாயைத் திறந்து ஆட்டிக் காட்டினாள்.

"அட, ஜோரா ஆடுதே! ஆட்டு, ஆட்டு!" என்று சிரித்தார் சாமி.

அவள் விரலால் ஆட்டினாள். பல் கையோடு வந்துவிட்டது.

"சாணியில வச்சு கூரை மேல எறியணும்!" என்று கத்திக்கொண்டு தொழுவத்துக்கு ஓடினாள்.

விசாலி தூக்கைக் கீழே வைத்தாள். "இவருக்கு ராத்திரிச் சோறு வீட்டுலயா, மடத்துலயா? கேட்டுச் சொல்லுங்க சாமி. நான் உலை வைக்கணும்." சொல்லிவிட்டு மகள் பின்னாலேயே போனாள்.

"அப்பா! கூரை எட்டலை, தூக்கி விடு!" வெளியே குரல் கேட்டது.

"இரும்மா, சாமிகிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்ல," என்றார் பொன்னம்பலம். பிறகு சாமியிடம் திரும்பினார்.

"அவ ஆட்டினா சிரிக்கிறீங்க, நான் தொட்டா வையிறீங்க. நீங்களும்தான் வீட்டை விட்டுட்டு வந்தீங்க. நான் விடுறேன்னா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிறீங்க. இது என்ன சாமி நியாயம்?"

சாமி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவ பல்லுக்கு அடியில வேற பல்லு முளைச்சு நிக்குது. உனக்கு அடியில என்னப்பா இருக்கு?"

இந்த முறை பொன்னம்பலத்தின் நாக்கு பல் பக்கம் போகாமல் இருந்த இடத்திலேயே கிடந்தது.

"அப்பா!"

"கூப்பிடுறா பாரு," என்றார் சாமி. "போய்த் தூக்கி விடு. அப்படியே உலை வைக்கச் சொல்லு."