மரகதத்தின் கோப்பு

பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்யும் சின்ன அறை அது. குரு செல்லக்கனிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் இசக்கியப்பனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது. காலமெல்லாம் போட்டோ பிடித்துவிட்டு இப்போது எடிட்டிங் கற்க வந்திருப்பவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார், கேலியாக அல்ல.

அன்று காலை அவர் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. மறுநாள் மகளுக்குக் கல்யாணம். விவரம் தெரியுமுன்பே தாயைப் பறிகொடுத்தவள், அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். அம்மா குரலை மண்டபத்தில் கேட்க வேண்டும். அவர் மனைவி மரகதத்தின் குரல் இருந்ததோ ஒரே ஒரு கோப்பில், பழைய செல்போனில் எடுத்தது. எடிட்டிங் சாஃப்ட்வேர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஃபார்மட் ஒத்துவராதுங்குது டீச்சர். நானும் விடல. பேருக்குப் பின்னால த்ரீஜிபினு இருந்தத அழிச்சிட்டு எம்பி ஃபோர்னு போட்டுட்டேன்."

"திறந்துச்சா?"

"கறுப்பா நிக்குது. உள்ளதையும் கெடுத்துட்டேன்."

செல்லக்கனி மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலில் மார்க்கரால் 'காபி' என்று எழுதி நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி."

மறுபேச்சில்லாமல் குடித்தார். அசடு வழிந்தது.

"தண்ணி கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"அதுவும் கெடல" என்று கோப்புக்குப் பழைய பெயரையே திருப்பி வைத்தாள்.

பிறகு அதைப் படமாக அல்லாமல், உள்ளே இருப்பது இருக்கிறபடியே தெரியத் திறந்தாள். திரை முழுக்க எண்கள். உருட்ட உருட்ட எண்கள்.

"இதென்ன டீச்சர்?"

"மரகதம் மதினி."

இசக்கியப்பன் திரையைத் தொடப் போனார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. கோயிலில்கூட அவருக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

"மதினி பேசுற பாஷை சாஃப்ட்வேருக்குப் புரியல, அவ்வளவுதான். புரியுற பாஷைக்கு மாத்தித் தாரேன்" என்று வேறொரு செயலியில் கோப்பை ஓடவிட்டாள். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. அவர் மூச்சுவிடவே பயந்தார்.

புதிய கோப்பு எடிட்டிங் திரையில் விழுந்தது. மரகதம் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, வாயத் திற. ஒரே ஒரு வாய்" என்று கொஞ்சினாள். சட்டென்று நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "படம் புடிச்சது போதும். பால் பொங்குது பாருங்க, போய் அடுப்ப அணைங்க!"

இசக்கியப்பன் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்துவிட்டார்.

படம் நின்றது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். செல்லக்கனி தடுக்கவில்லை.

பிறகு, "புதுசுக்குள்ளயும் பாக்கணும் டீச்சர்" என்றார். அவள் இரண்டு கோப்புகளின் எண்களையும் அருகருகே வைத்தாள். அவர் வரி வரியாக ஒப்பிட்டார்.

"ஒரு வரிகூட ஒத்துப்போகலியே. பழசுல இருந்தது எதுவுமே இதுல இல்ல. அப்போ இதுல மரகதம் எங்க இருக்கா?"

செல்லக்கனி அவரைப் பார்த்தாள்.

"அடுப்ப அணைக்க யார் சொல்லி எந்திரிச்சீங்க, அண்ணாச்சி?"