தங்கிவிட்ட முள்

இந்தக் கதையை நான் ஆறு வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் என் அக்காவின் கணவர் பழனிவேலப்பன். பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் கதையில் தோற்றுப்போகிறவன் நான். அதனால் என் சந்தேகத்தில் எவ்வளவு நியாயம், எவ்வளவு பொறாமை என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அறுபத்திரண்டாவது வயதில் மச்சான் பம்ப் கம்பெனியை மகள்களிடம் ஒப்படைத்துவிட்டு, கோவை கணபதியில் எஞ்சின் கட்டும் கனகவல்லியிடம் வேலை கற்கப் போனார். அந்த அம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. பந்தயக் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் காலை மச்சானை 'சார்' என்றார். பிஸ்டன் ரிங்கை இவர் தலைகீழாக மாட்டியதைப் பார்த்த பிறகு 'அண்ணா' என்றார்.

மச்சானிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட். அவருடைய அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழில் வாங்கியது. ஒவ்வொரு டிசம்பரிலும் பழைய கார்களுக்காக நடக்கும் பந்தயத்தில் நாங்கள் இருவரும் ஓடுவோம். அவர் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று எல்லை. என்னுடையதை நான் ஏழாயிரத்தைந்நூறுக்கு மாற்றிக் கட்டியிருந்தேன். அந்த வருடம் நீண்ட நேர்பாதையில் அவரை இரண்டு முறை முந்தினேன். முடிந்ததும் அவர் தோளைத் தட்டி, அடுத்த தடவை வரும்போது ஒரு தலையணையும் எடுத்து வரச் சொன்னேன்.

ஜனவரியில் அவர் ஒரு ஃபைலோடு மாஸ்டர் முன்னால் உட்கார்ந்தார். எட்டாயிரம் சுற்றுக்கான திட்டம். இலகுவான பிஸ்டன்கள், விறைப்பான வால்வு ஸ்பிரிங்குகள், புது கேம் ஷாஃப்ட், எடை குறைத்த ஃப்ளைவீல். எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எஞ்சினின் உடலான பிளாக் மட்டும் பழையது. அது உடைந்தால் வேறு கிடைக்காது. அப்பாவின் கார் ஷெட்டில் நிற்கும் பொம்மையாகிவிடும். தெரிந்தும், அடுத்த டிசம்பரில் என்னை முந்தியே ஆகவேண்டும் என்றிருந்தார்.

மாஸ்டர் ஃபைலை முழுதும் படித்தார். முதல் பக்கத்திலிருந்து இன்னொரு முறை படித்தார்.

"கனெக்டிங் ராடு போல்ட்டு மட்டும் இன்னும் தடிமனா போடுங்கண்ணா. மத்ததெல்லாம் சரியா இருக்குது."

மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கேயாவது திட்டு விழும் என்றுதான் போயிருந்தார்.

"அப்ப இந்த எஞ்சின் எதுவரைக்கும் தாங்குங்க மாஸ்டர்?"

மாஸ்டர் எழுந்து போனார். அலமாரியிலிருந்து எஞ்சின் சுற்றைக் காட்டும் ஒரு பழைய ஆர்பிஎம் மீட்டரை எடுத்து வந்தார். அதில் இரண்டு முட்கள். வெள்ளை முள் எஞ்சினோடு ஏறி இறங்கும். சிவப்பு முள் வெள்ளையோடு ஏறும், ஆனால் இறங்காது. எஞ்சின் தொட்ட உச்சத்திலேயே தங்கிவிடும். பின்பக்கம் உள்ள குமிழைத் திருப்பினால்தான் கீழே வரும். அந்தக் குமிழின் மேல் மாஸ்டர் அரக்கை உருக்கி ஊற்றினார்.

அதைக் காரில் மாட்டிக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை பந்தய மைதானத்தில் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். ஆறாயிரத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னார்.

மச்சான் ஓட்டினார். நேர்பாதையில் கண்ணை மீட்டரிலேயே வைத்திருந்தாராம். வெள்ளை முள் ஐயாயிரத்து எண்ணூறைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவாராம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கு மறுநாள் மாஸ்டர் குனிந்து பார்த்தார். சிவப்பு முள் ஏழாயிரத்து முந்நூறில் நின்றது.

மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றார் மச்சான். மாஸ்டர் ஸ்பேனரை எடுத்தார். மீட்டரைக் கழற்றி, வேகம் தெரிந்த ஒரு மோட்டாரில் மாட்டி ஓடவிட்டார். வெள்ளை முள் அதே வேகத்தைக் காட்டியது. மீட்டரில் கோளாறு இல்லை.

அன்று மாலையே இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நேர்பாதை முடிந்து மூன்றாவது வளைவு வந்தது. மச்சான் வழக்கம்போலக் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து, கியரை மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளி, கிளட்சை விட்டார். வேகம் இன்னும் குறையவில்லை. சக்கரங்கள் எஞ்சினைப் பிடித்துச் சுழற்றின. எஞ்சின் அலறியது. மச்சானின் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லவே இல்லை.

மாஸ்டர் பாதையையும் பார்க்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. கியர் மேல் இருந்த மச்சானின் கையின்மேல் தன் கையை வைத்தார். அப்படியே அந்தச் சுற்று முடியும்வரை வைத்திருந்தார்.

வண்டி நின்றதும் மச்சான்தான் பேசினார்.

"வளைவுல யாருங்க மீட்டரைப் பாக்கறாங்க?"

"யாரும் பாக்கறதில்லைங்கண்ணா. அதுக்குத்தான் செவப்பு முள்ளு."

"முப்பது வருசமா இப்படித்தானுங்க எறக்கறேன்."

"முப்பது வருசமா தாங்கியிருக்குது. நல்ல எஞ்சின்."

இறங்கும்போது மச்சான் ஃபைலைப் பற்றிக் கேட்டார். கட்டித் தருவீர்களா, மாட்டீர்களா?

"கட்டித் தரேன். நான் எட்டாயிரத்துக்குக் கட்டுவேன். நீங்க ஒம்பதாயிரத்து முந்நூறுக்கு ஓட்டுவீங்க."

மாஸ்டர் குமிழைத் திருப்பி, மறுபடி அரக்கு வைத்துக் கொடுத்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவர் மைதானத்துக்குப் போனார். நேர்பாதையை விட்டுவிட்டார். மூன்றாவது வளைவில் கியர் இறக்கக் கற்றார். பிரேக், பொறுமை, பிறகு கியர். மார்ச்சில் சிவப்பு முள் ஏழாயிரத்தில் நின்றது. ஜூலையில் ஆறாயிரத்து ஐந்நூறு. ஒரு வாரம் கோபத்தில் ஓட்டி மறுபடி ஏழாயிரத்துக்குப் போனதாம். அன்று மாஸ்டர் எதுவும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார். நவம்பர் கடைசியில் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.

அன்று மாஸ்டர் பட்டறையின் ஒரு மூலையைக் காட்டினார். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மரப்பெட்டி. மச்சானின் ஃபைலில் இருந்த அத்தனை சாமான்களும் அதில் இருந்தன. ஏப்ரலிலேயே வந்துவிட்டனவாம். கனெக்டிங் ராடு போல்ட்டுகள் தடிமனானவை.

பந்தயத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கட்ட நேரமில்லை. மச்சான் சிரித்துவிட்டாராம்.

அந்த டிசம்பரில் அவர் பழைய எஞ்சினோடுதான் வந்தார். நேர்பாதையில் நான் அவரை முந்தினேன். மூன்றாவது வளைவின் வாசலில் அவர் என்னை முந்தினார். ஆறு சுற்றிலும் இதேதான் நடந்தது. பந்தயம் முடியும் கொடி அந்த வளைவைத் தாண்டியதும் இருந்ததால் ஜெயித்தது அவர். ஜனவரியில் மாஸ்டர் எட்டாயிரத்துக்குக் கட்டிக் கொடுத்தார். அந்த எஞ்சின் இன்றும் ஓடுகிறது.

இவ்வளவுதான் அவர் சொன்னது. அரக்கை ஒரு தீக்குச்சியால் உருக்கலாம் என்பது எனக்கு உடனே தோன்றியது. மீட்டர் மாஸ்டர் கையில் இருந்த நேரமும் உண்டு. முள்ளை அவரே நகர்த்தியிருக்கலாம். சீடனுக்குப் பாடம் சொல்ல அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. ஆறு வருடங்களாக இதை மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஆறு வருடங்களில் என் எஞ்சின் இரண்டு முறை உடைந்தது. முதல் முறை போல்ட்டைக் குறை சொன்னேன். இரண்டாவது முறை கடைக்காரரை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முள்ளை நகர்த்தியது யார் என்று நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். மச்சான் ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன மாப்ள, தலையணை கொண்டுவந்தீங்களா என்று கேட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். வெகுநேரம் அந்தக் கியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேன்.

"மச்சான், அந்த ரெண்டு முள்ளு மீட்டரை ஒரு மூணு ஞாயித்துக்கெழமைக்கு எனக்குத் தருவீங்களா?"