ஆறு முறை தள்ளிப்போன சீட்டு

நிதானமாகக் கேளுங்கள். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவரும் கிடையாது, அதுதான் கொடுமை.

தரமணியில் எட்டுப் பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழு. மருத்துவமனை ஒன்றில் டாக்டர்கள் மருந்து எழுதப் பயன்படுத்தும் மென்பொருள் அவர்கள் செய்தது. குழுவை நடத்தியவன் எபநேசர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அவரவர் செய்த தப்பை மனம்விட்டுப் பேசுவார்கள். "இங்க சொன்னது இந்தக் கதவைத் தாண்டாது" என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். பாக்கி வேலைகளை மட்டும் சீட்டில் எழுதி, போகிறவர் வருகிறவர் பார்க்க வெளிச்சுவரில் ஒட்டுவார்கள். எழுதியவர் பெயர் இருக்காது. ஒரு வேலையைத் தள்ளிவைத்தால், அந்தச் சீட்டில் எபநேசர் தேதி போட்டுக் கையெழுத்திடுவான்.

ஒருநாள் அந்த மருத்துவமனையில் ஒரு முதியவர் இறந்துபோனார். அவர் உடம்புக்கு ஆகாத மருந்தை டாக்டர் எழுதியபோது மென்பொருள் எச்சரிக்கவே இல்லை.

சாத்திய கதவுக்குள் பூங்கோதை குலுங்கி அழுதாள். "ஆகாத மருந்தான்னு பாத்துச் சொல்ற அந்தச் சோதனைய நான்தான் எபி நிறுத்தி வெச்சேன். மறுநாள் கஸ்டமருக்குக் காட்டணும், அது ரொம்ப இழுத்துக்கிட்டு இருந்துச்சு. திரும்பப் போடணும்னு அன்னைக்கே சீட்டு எழுதி ஒட்டிட்டேனே!"

ஒட்டியிருந்தாள், உண்மைதான். புது வேலைகளுக்கு இடம் வேண்டுமென்று அது ஆறு கூட்டங்களில் ஆறு முறை தள்ளிப்போயிருந்தது.

சோதனையை அன்றே திரும்பப் போட்டார்கள். ஆனால் கம்பெனி மேலாளர் விடவில்லை. "சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒரு பேர் வேணும். இல்லேன்னா எட்டுப் பேரும் கிளம்ப வேண்டியதுதான்."

எபநேசர் வாயே திறக்கவில்லை. கொடுத்த வாக்கு அப்படி. பூங்கோதை எழப்போனாள். அவளை உட்காரவைத்துவிட்டு, குழுவில் ஒருவரான வைத்தியலிங்கம் மேலாளரிடம் போனார். மென்பொருளின் மொத்த அமைப்பையும் வகுத்தவர் அவர், வயது ஐம்பத்திரண்டு. "ஒத்த வரிய மாத்தினாலே அந்தச் சோதன நின்னுபோற மாதிரி அமைச்சது நான். நிறுத்தினதும் நான்தான்" என்றார். முதலில் சொன்னது நிஜம், அடுத்தது பொய். அடையாள அட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டார்கள். அடப்பாவமே, அந்த வயதில் இனி யார் வேலை கொடுப்பார்கள்?

இப்போது நீங்கள் சொல்லுங்கள். வாக்கைக் காத்து வாய்மூடி நின்றான் எபநேசர். பொய் சொல்லிப் பழியை ஏற்றார் வைத்தியலிங்கம். அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்துவிட்டாள் பூங்கோதை. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஒருவர் செய்ததும் சரியில்லை. பூங்கோதை பயந்துவிட்டாள், வைத்தியலிங்கம் இரக்கப்பட்டுவிட்டார், இவர்களை மன்னித்துவிடலாம். எபநேசர் விஷயம் வேறு. அவன் கொடுத்த வாக்கு அறைக்குள் பேசியதற்கு மட்டும்தான். சீட்டு வெளியே இருந்தது. அதைப் பிய்த்துக்கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்திருந்தால், பூங்கோதை பெயரும் வெளிவந்திருக்காது, வாக்கும் தவறியிருக்காது. ஏன் வைக்கவில்லை? அதில் இருந்த ஆறு கையெழுத்தும் அவனுடையவை. வைத்தியலிங்கம் கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணக் காட்டிக்குடுக்காம நின்ன பாரு, நீ பெரிய மனுஷன்பா" என்றார். எபநேசர் தலையாட்டினான்.