கரைக்கு முதுகு காட்டிய வீறாப்பன்

ஆற்றோரக் காடு ஒன்றில், வீறாப்பன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். தலைவன் தன் யோசனையைச் சொல்லிவிட்டுச் சேற்றுக்குட்டையில் குதிக்கும். சம்மதம் என்றால் மற்றவையும் குதித்துப் புரளும். இல்லையென்றால் கரையிலேயே நிற்கும்.

"நாளைக்கே ஆற்றைக் கடக்கிறோம்! அக்கரையில் கிழங்கு கொட்டிக் கிடக்கிறது!" என்று முழங்கிவிட்டு, தொபுக்கென்று குதித்தது வீறாப்பன்.

கரையில் ஒரு வால்கூட ஆடவில்லை.

"அண்ணே, குட்டிகளுக்கு இன்னும் நீந்த வராதே. பதினைந்து நாள் பொறுத்துப் போவோமே," என்றது ஆறு குட்டிகளின் தாயான நீளமூக்கி.

பதினைந்து நாளெல்லாம் வீறாப்பன் காதில் ஏறவில்லை. தன்னையே வேண்டாம் என்றுவிட்டதாக அதற்குப் பட்டது.

"அப்படியா சங்கதி! நான் இல்லாமல் இருந்து பாருங்கள்!" என்று கரைக்கு முதுகைக் காட்டிச் சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டது. எப்படியும் வந்து கெஞ்சுவார்கள். இரண்டு தடவை முறுக்கிக்கொண்டு, மூன்றாம் தடவை மனம் இரங்கலாம் என்று திட்டம்.

மரத்தில் ஒரு கரிச்சான் குருவி. யார் குரலிலும் அப்படியே பேசும்.

"அண்ணே, நீங்க இல்லாம கால் ஒடிஞ்ச மாதிரி இருக்கு!" என்றது, நீளமூக்கியின் குரலில்.

வீறாப்பன் மெல்ல, கம்பீரமாகத் திரும்பியது. கரையில் ஈ, எறும்புகூட இல்லை; கூட்டம் எப்போதோ மேயப் போயிருந்தது. மேலேயிருந்து ஒரு சிரிப்பு, "க்ளுக்!"

சற்றுப் பொறுத்து, ஒரு கிழப்பன்றியின் நடுங்கும் குரலில், "தலைவா, புத்தி கெட்டுப் பேசிட்டோம்!"

திரும்பியது. மறுபடியும், "க்ளுக்!"

"இனிமேல் திரும்பினால் நான் பன்றியே இல்லை!" என்று உறுமியது வீறாப்பன்.

மாலையில் நீளமூக்கி நிஜமாகவே வந்தது. "அண்ணே, கோபம் போதும், சாப்பிட வாங்க. எந்தப் பக்கம் போறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"அடச்சீ! தலைமையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஓடிப் போ!" என்றது வீறாப்பன், திரும்பாமலே.

"சரிண்ணே, உங்க இஷ்டம்," என்று நீளமூக்கி போய்விட்டது.

"படுவா, இந்தக் கரிச்சான் அசல் மாதிரியே பேசுகிறதே!" என்று வியந்தது வீறாப்பன்.

மறுநாள் கூட்டம் நீளமூக்கியைத் தலைவியாக்கியது. பதினாறாம் நாள், "ஆற்றைக் கடப்போமா?" என்று கேட்டுவிட்டு நீளமூக்கி குட்டையில் இறங்க, மொத்தக் கூட்டமும் தொபுக் தொபுக்கென்று குதித்தது.

அக்கரைக்கு நீந்திய வரிசையில், கடைசிக் குட்டிக்கும் பின்னால் போனது வீறாப்பன். "இது என் யோசனையாக்கும்!" என்றது, மூக்குவரை தண்ணீரில்.

"யாரு, கரிச்சானா?" என்றது முன்னால் போன குட்டி, திரும்பாமலே.

நீதி: யோசனையை மறுத்தவர்கள் தன்னையே மறுத்ததாக எண்ணும் தலைவன், தேடி வரும் அழைப்பைத் தானே மறுத்துவிடுவான்.