பதினோரு தவளைச் சத்தம்

கோதண்டம் தன் அறுபதாவது வயதில் ஆசிரமத்துக்கு வந்தார். முப்பது வருஷம் சென்னையில் மென்பொருள் எழுதியவர். மனத்தை அடக்கப் பழகலாம் என்று வந்தார். மனம் கொஞ்சம் அடங்கியது, கைதான் அடங்கவில்லை.

அவருடைய குரு உமையாள் அம்மை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆசிரமத்துக் கடிதங்களை அம்மை வாயால் சொல்ல, கோதண்டம் எழுதுவார். குரு என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆசிரமப் பள்ளியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். அவர்கள் பிழையில்லாமல் எழுதப் பழகட்டும் என்று எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு மென்பொருள் செய்தார் கோதண்டம். கம்ப்யூட்டர் ஒரு சொல்லைச் சொல்லும். பிள்ளை அதைத் தட்டச்சு செய்ய வேண்டும். சரியென்றால் மணி அடிக்கும், தப்பென்றால் தவளை கத்தும். அந்தச் சத்தத்தை ஆசிரமக் குளக்கரையில் மழையில் நனைந்துகொண்டே அவரே பதிவு செய்திருந்தார். அதில் அவருக்குத் தனிப் பெருமை.

பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பேச்சித்தாய் என்ற ஒன்பது வயதுப் பெண்ணுக்கு மட்டும் முதல் நாளே பத்தொன்பது தடவை கத்தியது. மறுநாள் எல்லோரும் அவளைத் தவளை என்று கூப்பிட்டார்கள். ஒரு வாரத்தில் அவள் கம்ப்யூட்டர் அறைப் பக்கமே போவதில்லை. அடுத்த வாரம் நோட்டைத் திறப்பதையும் விட்டுவிட்டாள்.

விஷயம் தெரிந்து அவள் அப்பா சுடலை வந்தார். மகளுடைய தகரப் பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தார்.

“அதுக்குப் படிப்பு ஏறல சாமி. இங்க இருந்து கேலிப்பேச்சு கேக்கதுக்கு, சூளையில வந்து கல்லு அடுக்கட்டும்” என்று கோதண்டத்திடம் சொன்னார்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவரை நிறுத்திவைத்துவிட்டு, கோதண்டம் அம்மையிடம் ஓடினார். தன் கையால் ஒரு குழந்தையைச் சூளைக்கு அனுப்பப்போகிறோம் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

“அம்மா, அந்தத் தவளையை இப்பவே எடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“எடுத்தா, யாருக்காக எடுத்தீங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடுமே.”

கிளம்பத் திரும்பிய கோதண்டம் அங்கேயே நின்றார்.

“உங்களுக்கு அது எத்தனை தடவை கத்திச்சு?” என்று அம்மை கேட்டார்.

“எனக்கா? ஒரு தடவைகூட இல்லம்மா.”

“அப்படியா” என்று எழுந்தார் அம்மை.

கம்ப்யூட்டர் அறையில் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மை கூப்பிட்டதால் அறை வாசலில் பெட்டியோடு அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். அம்மை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்பீக்கரைப் பெரிதாக வைக்கச் சொன்னார்.

கம்ப்யூட்டர் ஒரு சொல்லைச் சொன்னது. அம்மை ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். தவளை கத்தியது.

பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. அம்மைக்கும் தவளை கத்தும் என்று அவர்கள் நினைத்ததே இல்லை. அடுத்த சொல்லுக்கும் கத்தியது. நான்காவது தடவை யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அம்மையும் சிரித்தார், அதன்பிறகு அறையே சிரித்தது. எட்டாவது தடவைக்கு அம்மைக்கு வேர்த்திருந்தது. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

‘வியாழக்கிழமை’ வந்தது. அதற்கு மட்டும் மூன்று தடவை கத்தியது. மொத்தம் பதினொன்று. அம்மை எழுந்திருக்கவில்லை. மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

அப்போது பேச்சித்தாய் வாசலைவிட்டு உள்ளே வந்தாள். அந்தச் சொல்லுக்கு அவளுக்கு நாலு தடவை கத்தி, ஐந்தாவது தடவைதான் மணி அடித்திருந்தது. அதனால் அது அவளுக்கு மறக்கவே மறக்காது. அம்மையின் தோளுக்குப் பக்கத்தில் நின்று விசைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

மணி அடித்தது.

அம்மை கைதட்டிவிட்டு நாற்காலியைக் காலி செய்தார். பேச்சித்தாய் அதில் உட்கார்ந்தாள். அடுத்த சொல்லுக்குத் தவளை கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அதை மறுபடி அடித்தாள்.

சுடலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தகரப் பெட்டியைத் தூக்கிப்போய் விடுதி அறையில் பழைய இடத்திலேயே வைத்தார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறினார்.

சாயங்காலம் கோதண்டம் அம்மையின் எதிரே வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“அந்தக் குழந்தைக்காக எல்லார் முன்னாலயும் வேணும்னே தப்பு தப்பா அடிச்சீங்களே அம்மா. அந்த மனசு எனக்கு எப்ப வரும்?”

அம்மை இல்லை என்று தலையாட்டினார்.

“முதல் தப்பு மட்டும்தான் வேணும்னு அடிச்சது” என்றார். “நாளையிலேருந்து பேச்சித்தாய் பக்கத்துல எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க.”